அந்த மாத்திரை உன் அம்மாவுடையது அல்ல

அப்பு,

உன் அம்மாவுக்கு நீ எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் கொடுத்ததும் வாசலிலேயே நின்று படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். கோயம்புத்தூரில் மூன்று மாதமாக உனக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு துள்ளுகிறது, கைகால் சில்லிட்டுப் போகிறது, உயிர் இப்போதே போய்விடும் என்று ஒரு பயம் வருகிறது என்று எழுதியிருந்தாய். இருதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டு டாக்டர் மனசுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார், பதினைந்து நாளாகச் சாப்பிடுகிறாய், வாய் வறண்டுபோய், ஆபீசில் கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கி, நெஞ்சு முன்னைவிடக் கூடுதலாக அடிக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அடுத்த மாதம் கல்யாணம், பெண் வீட்டார் கண்ணில் படுவதற்குள் மாத்திரையை நிறுத்திவிடப் போகிறேன் என்றாய். கடைசியில் ஒரு வரி. 'உங்களுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கிறது அம்மா. உங்க ரத்தம்தானே எனக்கும்.' அதைப் படித்துவிட்டு நான் நிமிர்ந்தபோது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு நீங்க பதில் எழுதுறீகளா, நான் எழுதட்டுமா?" என்றாள்.

நான் எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு அந்த நோய் ஒருநாளும் இருந்ததில்லை. அந்த மாத்திரையில் ஒன்றைக்கூட அவள் வாயில் போட்டதில்லை. நோய் எனக்கு. மாத்திரை எனக்கு. மாதாமாதம் மதுரைக்குப் போனது எனக்காக. அவளுக்குத்தான் என்று ஊரில் நான் சொன்னது பொய். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பொய்யின் நிழலில் நான் சுகமாக உட்கார்ந்திருந்தேன், நீயும் அதை நம்பியே வளர்ந்தாய். இதில் ரத்தம் என்று ஒன்று இருக்குமானால் அது என்னுடையது. இந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்துவிட்டு மேலே போ.

நீ எட்டாவது படித்த வருஷம், எமர்ஜென்சிக் காலம். நான் ஏலக்காய்த் தோட்ட முதலாளி ஒருவரிடம் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் சிலமலை ஊர்ப் பக்கத்துப் பெண்களை ஏலப்பழம் எடுக்க ஏற்றிக்கொண்டு, மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறிப் போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் விட வேண்டும். சாயங்காலம் மூட்டைகளோடு அவர்களையும் கீழே கொண்டுவர வேண்டும். அந்த மலைப்பாதை எனக்கு வீட்டுக்குள் நடப்பது போல. ஆனால் அந்த வருஷம் ஒரு எண் மனதில் உட்கார்ந்திருந்தது. என் அப்பா நாற்பது வயதில், வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழுந்திருக்கவில்லை. எனக்கு அப்போது முப்பத்தொன்பது முடிந்து நாற்பது நடந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதும் இல்லை. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், பின்னால் பதினோரு பெண்களோடு ஏறிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு நின்றது. ஒன்றுமே இல்லாத ஒரு இடைவெளி. பிறகு உள்ளிருந்து யாரோ உதைத்தது போல ஒரு அடி. அதன்பின் கட்டவிழ்த்துவிட்ட மாதிரி ஓட்டம். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை எனக்குச் சொந்தமில்லாதது போல ஆனது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் மூடுபனி. பதினோரு பேரையும் கொண்டுபோய்த் தள்ளிவிடுவேன் என்று நினைத்தேன். எப்படியோ வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். ரேடியேட்டர் கொதித்துவிட்டது என்று பெண்களிடம் சொல்லிவிட்டு, சூடே இல்லாத ரேடியேட்டரில் நின்று தண்ணீர் ஊற்றினேன். என் முதல் பொய் அதுதான்.

அதற்குப் பிறகு என் விரல் எப்போதும் மணிக்கட்டில் இருந்தது. சாப்பிடும்போது, பேசும்போது, கோயிலில் கும்பிடும்போது கூட நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ண எண்ணத் தவறியது, தவறத் தவற எண்ணினேன். போடி டாக்டர் குழல் வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். நம்பவில்லை. மதுரைக்குப் போய் ஈசிஜி எடுத்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் இன்னொரு தடவை எடுத்தேன். அந்த டாக்டர் பொறுமைசாலி. ஒரு துடிப்பு கொஞ்சம் முந்திக்கொள்கிறது, அதனால் அடுத்தது வரத் தாமதமாகிறது, அந்த இடைவெளியைத்தான் நின்றுபோனதாக நினைக்கிறீர்கள், பிறகு வருவது பலமாக அடிக்கும், நல்ல இருதயத்துக்கும் இது வரும் என்று விளக்கினார். உங்கள் இருதயத்துக்கு வைத்தியம் வேண்டாம், பயத்துக்குத்தான் வேண்டும் என்று சொல்லி மனநோய் டாக்டர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது, இருதயம் கெட்டுப்போனது என்றே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் என்று பார். சாவுக்குக் கூட மரியாதை இருந்தது, இதற்கு இல்லை.

மனநோய் டாக்டர் கொடுத்த மாத்திரையும் நீ எழுதியிருக்கும் வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். படுக்கப் போகும்போது ஒன்று. மருந்து உடம்பில் பிடிப்பதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும், அதற்கு முன்னால் வாய் காயும், எழுந்தால் தலை சுற்றும், கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடப்பு கூடக் கொஞ்சம் ஏறும், அதற்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முதல் சில வாரம் மலையில் வண்டி ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். இங்கேதான் எனக்குச் சிக்கல். மனநோய் மாத்திரை சாப்பிடுகிற டிரைவரிடம் எந்த முதலாளி சாவியைக் கொடுப்பார்? அவரிடம் போய், வீட்டில் சுகமில்லை, பதினைந்து நாள் லீவு வேண்டும் என்றேன். நம் ஊரில் வீட்டில் என்றால் பெண்டாட்டி. நான் அவளைச் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் அவளைத்தான் நினைத்துக்கொள்வார் என்பதும் எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் உன் தாய்மாமா வந்தார். முதலாளி வீட்டில் கேள்விப்பட்டு, தங்கைக்கு என்னவோ என்று பதறி வந்தவர். மாடத்தில் ஆஸ்பத்திரி பேர் அச்சடித்த மாத்திரைக் கவர் இருந்தது. எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இது யாருக்கு மாப்ளே?" என்றார். உன் அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். மலையிலிருந்து நான் வெளிறிப்போய் வந்த முதல் நாளே என்னை உட்காரவைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் அவள். நான் அவளைப் பார்க்காமல், "ஒங்க தங்கச்சிக்குத்தான் மச்சான்" என்றேன். அவ்வளவுதான். நாலு நொடிகூட இருக்காது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்படி அவள் தலையில் ஏற்றிய மாத்திரையையாவது ஒழுங்காகச் சாப்பிட்டேனா என்றால் அதுவும் இல்லை. நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. வயிறு கட்டிக்கொண்டது. எழுதினால் எழுத்து நடுங்கியது. மாத்திரைதான் என்னைக் கொல்கிறது என்று முடிவு கட்டி, பன்னிரண்டாம் நாள் யாரிடமும் கேட்காமல் நிறுத்தினேன். இரண்டு நாளில் குமட்டல், தலைச்சுற்றல், காரணமில்லாத அழுகை, பழைய பயம் இரண்டு மடங்காக. லீவு முடிந்துவிட்டது என்று அந்த நிலையிலேயே வண்டியை எடுத்தேன். எட்டாவது வளைவில் முடியவில்லை. இறங்கி, பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் ரேடியேட்டர் என்று சொல்ல வாயெடுத்தபோது பேச்சியம்மா இறங்கி வந்தாள். பழம் எடுக்கிறவர்களில் அவள்தான் கங்காணி மாதிரி. "வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணே. ஒங்களுக்குத்தான் என்னமோ செய்யுது. மெதுவா உக்காருங்க, நாங்க இருக்கோம்" என்றாள். ஒரு மணி நேரம் அந்தப் பெண்கள் குளிரில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை, கீழே வந்து யாரிடமும் சொல்லவும் இல்லை. என்னை நம்பி ஏறியவர்களை எந்த விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அன்றே உன் அம்மா சொன்னாள், நாளைக்குக் காலை ரயிலுக்கு மதுரை போகிறோம் என்று. நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். போடி ஸ்டேஷனில் பார்த்தவர்களெல்லாம் அவளை ஒரு மாதிரியாகவும் என்னை இரக்கத்தோடும் பார்த்தார்கள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. அளவைப் பாதியாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம், எந்தத் தொந்தரவு வந்தாலும் நிறுத்துவதற்கு முன்னால் என்னிடம் வாருங்கள் என்றார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நீ மனதில் எழுதிக்கொள்ள வேண்டும், அப்பு. நாளைக்கே உன் டாக்டரிடம் போய் நீ எங்களுக்கு எழுதிய அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொல். அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். ஆனால் அதை அவர் செய்யட்டும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் தயங்காமல் உடனே காட்டு. மற்றபடி, ஒரு தடவை பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்ன இருதயத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டாதே.

பிறகு நான் தேறினேன். தேற்றியது மாத்திரை பாதி, அவள் பாதி. வாய் காய்ந்தால் தண்ணீரை மடமடவென்று குடிக்காமல் அடிக்கடி ஒரு வாய் நனைக்கவும், ஒரு ஏலக்காயை ஒதுக்கி வைத்துக்கொள்ளவும் சொல்லிக் கொடுத்தாள். தினம் கீரையும் கொய்யாப்பழமும் வைத்தாள். கடுங்காப்பியை ஒரு வேளையாகக் குறைத்தாள். காலையில் படுக்கையை விட்டு வெடுக்கென்று எழவிடமாட்டாள். விரல் மணிக்கட்டுக்குப் போனால், பேச்சை நிறுத்தாமலே கையில் ஒரு முறத்தைக் கொடுத்து மொச்சை உரிக்கச் சொல்வாள். ஒருநாள் படபடப்பு வந்து நான் வேர்த்துக்கொண்டிருந்தபோது, "வரட்டும். இதுவரைக்கும் வந்தது எதுவாச்சும் போகாம இருந்துச்சா?" என்றாள். அதற்கு முன்னால் வரக்கூடாது, வரக்கூடாது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வரட்டும் என்று விட்டபிறகுதான் அது வந்து, சற்று நின்று, போகப் பழகியது. ஒரு மாதத்தில் மூச்சு சீரானது. மூன்றாம் மாதம் டாக்டரே சொல்லி மறுபடி மலை ஏறினேன். ஒன்றரை வருஷம் கழித்து, அவரே மாதக் கணக்கில் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்தினார். என் அப்பாவின் வயதைத் தாண்டிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போதும் எப்போதாவது ஒரு துடிப்பு தவறும். தவறிவிட்டுப் போகட்டும் என்று வேலையைப் பார்ப்பேன்.

நோயிலிருந்து தேறியவன் பொய்யிலிருந்து தேறவில்லை. சரியானதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சரியான பிறகு, இப்போது எதற்கு என்று தோன்றியது. இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதக் கூசுகிறது. ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். சித்தம் சரியில்லாத பெண்டாட்டியைத் தள்ளிவிடாமல் வைத்துக் காப்பாற்றுகிற மனுஷன் என்று டீக்கடையில் பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது.

அவளுக்கு என்ன நடந்தது என்பது உனக்கே தெரியும், காரணம்தான் தெரியாது. உன் மாமா மகள் பெரியவளானபோது, அத்தை என்ற முறைக்கு முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் உன் அம்மா. "ஒனக்கு அசதியா இருக்கும், நீ உக்காரு ஆத்தா" என்று அவளை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு வேறு ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் அவள் கையில் பிள்ளையைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். நீ பள்ளிக்கூடத்திலிருந்து சட்டை கிழிந்து வந்தாயே, நினைவிருக்கிறதா? கிறுக்கச்சி மகன் என்று ஒருவன் சொன்னான், அடித்துவிட்டேன் என்று சொல்லி, நெசமாம்மா என்று அவளையே கேட்டாய். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "அம்மாவுக்குக் கொஞ்சம் சொகமில்லாம இருந்துச்சுப்பு. மருந்து சாப்புட்டுச் சரியாப் போச்சு" என்று அவளே உனக்குச் சொன்னாள். மதுரையில் கல்லூரியில் சேர்ந்தபோது, அம்மாவை விடுதிக்குக் கூட்டிவர வேண்டாம் என்று என் காதில் சொன்னாய். உன்மேல் தப்பில்லை. வேலை நிறைய இருக்கிறது, நான் மட்டும் போய்வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். மூன்று வருஷமும் அதையே சொன்னேன். மூன்று வருஷமும் உனக்குச் சாமான் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டாள்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் உன் மாமா வீட்டுக்குப் போனேன். அவரையும் அத்தையையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி மேல உள்ள பிரியத்துல பழிய நீங்க ஏத்துக்கிறீக மாப்ளே. பையன் கல்யாண நேரம், எனக்குப் புரியாதா?" என்றார். இல்லை மச்சான், சத்தியம் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உங்களைப் போல ஒருத்தர் கிடைக்க அவள் கொடுத்துவைத்தவள் என்று அத்தை சொன்னாள். பன்னிரண்டு வருஷம் ஊறிய பொய் என்னைவிடப் பலமாக இருந்தது. உண்மையைச் சொல்லப் போனவன் இன்னும் ஒரு புகழ்ச்சியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இந்தக் கடிதத்தை அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இதை நீ மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேட்கிறவர்களுக்குப் படித்துக் காட்டு. உன் மாமாவுக்கும் ஒருநாள் நீயே படித்துக் காட்டு. என் வாயால் சொல்லி நம்பாதவர் என் கையெழுத்தையாவது நம்பட்டும்.

அந்தப் பெண்ணுக்கும் சொல். பெண் வீட்டாரின் பெரியவர்கள் இருக்கட்டும், முதலில் அவளுக்கு. கல்யாணத்துக்கு முன்னால், மாத்திரை கையில் இருக்கும்போதே, இது எனக்கு என்று சொல். அவள் வேண்டாம் என்று சொன்னால் அந்த வலி பெரியதுதான், ஆனால் அது ஒரு தடவை வலிக்கும். மறைத்து வைத்த மாத்திரை என்றைக்காவது ஒருநாள் யார் கையிலாவது கிடைக்கும். யாருக்கு இது என்று ஒருவர் கேட்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவள் அவளாகத்தான் இருப்பாள். அன்றைக்கு உன் வாயில் என்ன வரும் என்று உனக்கே தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மாமா சொன்னதைக் கேட்டு மட்டும் சிரித்தாள். அண்ணன் கேட்ட அன்றைக்கு ஏன் இல்லையென்று சொல்லவில்லை என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்கவும் எனக்குத் தைரியம் வந்ததில்லை. "அப்ப நீங்க உசுரோட வீடு வந்தாப் போதும்னு இருந்துச்சு. அப்பறம், நீங்களே ஒருநாள் சொல்லுவீகன்னு இருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாளைக் காலை பஸ்ஸில் அவள் உன்னிடம் வருகிறாள். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். மாத்திரை உன் உடம்பில் பிடிக்கிறவரைக்கும் அங்கேயே இருந்து சமைத்துப் போடப் போகிறாளாம், கல்யாண வேலையை இங்கே என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாங்க" என்றாள். "அவன் மொதல்ல என்னையப் பாக்கட்டும்."

அப்பா